நான் விட்ட இடைவெளியில் ஒரு குரல்

"லயத்துல இருந்துகிட்டு இன்டர்நெட்டுல பாடம் நடத்தப் போறீங்களா? சரி, நடத்துங்க. அதை யாரு தங்கச்சி கேக்கப் போறா?"

2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறைக்குச் சற்று முன்பு, கேகாலையில் நடந்த ஒரு கணினிப் பயிற்சி வகுப்பில், தேநீர் நேரத்தில் டவுன் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவிசாவளை வரைக்கும் அந்தக் கேள்வியைத்தான் மனதில் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கணிதம் படிப்பித்தேன். காலையில் சேலை கட்டிக் கைப்பையை மாட்டிக்கொண்டு, எங்கள் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் படியில் இறங்கினால், வாசலில் நிற்கும் பெண்கள் "டீச்சர் போறாங்க பாரு" என்று கைக்குழந்தைகளுக்குக் காட்டுவார்கள். அந்தப் பெருமையை மறைக்க எனக்குத் தெரியாது. மறைக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அந்தப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த உருப்படியான விஷயம் ஓர் இணைய முகவரி. தமிழில் இணையவழிப் பாடம் நடத்தப் பழகும் ஆசிரியர்கள் கூடும் ஒரு குழு அது. மலேசியா, தமிழ்நாடு, கனடா, மட்டக்களப்பு என்று எங்கெங்கோ இருந்து எழுதுவார்கள். எந்த மென்பொருளை இலவசமாக எடுக்கலாம், வினாவிடையை எப்படித் தயாரிப்பது, குரலை எப்படிப் பதிவு செய்வது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். பக்கத்துத் தோட்டங்களில் கணித ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடங்கள் இருந்தன. என் பாடத்தைப் பதிவு செய்து கொடுத்தால் அங்கே போட்டுக் காட்டலாமே என்பது என் எண்ணம்.

குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் உண்டு. ஐந்து நிமிடப் பாடம் ஒன்றைப் பேசிப் பதிவு செய்து ஏற்ற வேண்டும். மற்றவர்கள் கேட்டுவிட்டு எழுதுவார்கள். குழுவை நடத்திய மட்டக்களப்பு டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார். கேள்வி கேட்டதும் நீங்களே பதிலைச் சொல்லிவிடாதீர்கள், எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்து யோசிப்பதாக நினைத்துக்கொண்டு காத்திருங்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள் என்பார். வெறும் சுவரைப் பார்த்துக் காத்திருப்பது முதலில் வெட்கமாகத்தான் இருக்கும் என்றும் எழுதியிருந்தார்.

விடுமுறை தொடங்கியதும் வேலையை ஆரம்பித்தேன். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மாமா மகன் கொடுத்த, பதிவும் செய்யக்கூடிய ஒரு சின்ன எம்பி3 பிளேயர் என்னிடம் இருந்தது. எங்கள் லயத்தில் காலை நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். பெரியவர்கள் விடியும்போதே மரத்துக்குப் போய்விடுவார்கள். சின்னதுகள் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில், மற்றவை ஓடைப் பக்கம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அத்தனையும் வெறிச்சோடிக் கிடக்கும்.

ஆகஸ்டில் ரப்பர்க் காய் வெடிக்கும். யாரோ விரலைச் சொடுக்குவது போல மரத்தில் ஒரு சத்தம். பிறகு கொட்டை தகரத்தில் விழுந்து உருண்டு உருண்டு ஓரத்துக்குப் போகும். ரப்பர்க் காட்டுக்குள் வெயில் முழுதாக இறங்குவதில்லை. பத்து மணிக்கும் ஒரு பச்சை இருட்டு. அந்த இருட்டில், பூட்டிய வீடுகளுக்கு நடுவில் கட்டிலில் உட்கார்ந்து, பிளேயரை வாய்க்குக் கிட்டே பிடித்து, இல்லாத பிள்ளைகளுக்கு நான் பின்னம் சொல்லிக்கொடுத்தேன்.

"அரை ரொட்டியை அண்ணன் சாப்பிட்டார். கால் ரொட்டியைத் தங்கச்சி சாப்பிட்டாள். மொத்தம் எவ்வளவு ரொட்டி போச்சு?"

பத்து எண்ணினேன். பிறகு பதிலைச் சொன்னேன்.

தெஹியோவிட்ட டவுனில் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. டெலிபோன் பேசலாம், இரண்டு கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டும் பார்க்கலாம். அங்கே போய் அந்தப் பதிவை ஏற்றினேன். அடுத்த தடவை போனபோது மலேசியாவிலிருந்து ஒரு சார் எழுதியிருந்தார். பாடம் தெளிவாக இருக்கிறது, இடையில் ஏதோ வெடிக்கிறதே, பட்டாசா? பதில் சொல்லும் மாணவி கெட்டிக்காரி, அடுத்த முறை அவளை மைக்குக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாணவி யாரும் இல்லை சார், எதிரொலியாக இருக்கும் என்று பதில் எழுதினேன். அவர் அப்போது கணினி முன்னால்தான் இருந்தார் போல. உடனே ஒரு வரி வந்தது:

"எதிரொலி கேள்வியைத்தானே திருப்பிச் சொல்லும் டீச்சர்? பதிலைச் சொல்லுமா?"

வீட்டுக்கு வந்து இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக் கேட்டேன். என் குரல், காய் வெடிக்கிற சத்தம், உருளும் கொட்டை. அதைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த சாருக்கு வயதாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாடத்தைக் கதவையும் ஜன்னலையும் சாத்தி, கதவுக்கடியில் பழைய சேலையைத் திணித்துப் பதிவு செய்தேன். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? சிறிது கஷ்டமான கணக்கு என்பதால் கூடுதலாகவே காத்திருந்தேன்.

இந்த முறை மட்டக்களப்பு டீச்சரே எழுதியிருந்தார். ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது, நீங்கள் பதிவு செய்யும்போது உங்களோடு அறையில் யார் இருக்கிறார்கள்? நான் காத்திருந்த அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஒலியைக் கூட்டி, இரைச்சலைக் குறைத்து, தனிக் கோப்பாகப் போட்டிருந்தார்.

கடைக்காரரிடம் ஹெட்போன் வாங்கி மாட்டினேன். முதலில் மழை போல ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து, வெகு தூரத்தில், ஒரு பெண் பிள்ளையின் குரல்.

"பன்னெண்டுல... அஞ்சு. இல்ல. ஏழு. பன்னெண்டுல ஏழு."

கடைக்காரர் ஒரு சிங்கள அண்ணன், நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொகத நங்கி, பய வெலாத?" என்று கேட்டார். பயந்துவிட்டாயா தங்கச்சி என்று அர்த்தம். ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பாதியிலேயே கழற்றிவிட்டு, மணிக்கட்டில் பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூலைத் தொட்டுக்கொண்டார். யார் இந்தப் பிள்ளை என்று கேட்டார். நான் தெரியாது என்றேன். அதன் பிறகு அன்றைக்கு அவர் அந்தக் கம்ப்யூட்டரில் வேறு யாரையும் உட்காரவிடவில்லை.

எனக்கு ஒருத்தியைத் தெரியும். சின்ன வயதில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து படித்தவள். எங்கள் லயத்துப் பிள்ளை. மழைக்காலத்தில் ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அவள் கணக்குக்கு முதலில் அவசரமாகத் தப்புப் பதில் சொல்வாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்ல, இல்ல" என்று திருத்துவாள்.

பேய் கணக்குப் போடுமா என்று என்னையே கேட்டுக் கிண்டல் செய்துகொண்டேன். படித்தவள், டீச்சர் என்று லயமே காட்டுகிற ஆள், போய் யாரிடம் சொல்வது? அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் இயர்போனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எனக்கே என் மேல் கோபம் வந்தது. எல்லாரும் வேலைக்குப் போன பிறகு கட்டிலுக்கடியில் பார்த்தேன், அலுமாரியைத் திறந்து பார்த்தேன். கதவைச் சாத்தி உட்கார்ந்து, வழக்கம் போல இரண்டு கணக்கைக் கேட்டேன். பிறகு, சுவரைப் பார்த்துக் கேட்டேன்:

"நீ யாரு?"

காத்திருந்தேன். இந்த முறை எண்ணவில்லை.

பதிவை நிறுத்தி, அங்கேயே இயர்போனை மாட்டினேன். என் குரல் யாரோ வேறு ஆளின் குரல் போல இருந்தது. நீ யாரு. அதன் பின்னால் நீளமான மௌனம். தகரத்தில் ஒரு கொட்டை உருண்டு முடிந்தது. யாரோ மூச்சு விட்டார்கள். அது என் மூச்சு இல்லை. பிறகு மெதுவாக:

"டீச்சர்... அடுத்த கணக்கு சொல்லுங்க."

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். பால் நிறுக்கிற இடம் எங்கள் லயத்துக்குக் கீழே, பாதை திரும்பும் இடத்தில். அம்மா வாளியோடு வரிசையில் நின்றார். சுற்றிலும் எங்கள் லயத்துப் பெண்கள்.

"அம்மா, நம்ம காம்பராவுல யாரோ இருக்காங்க."

"யாரு இருப்பா? கதவைத் திறந்து போட்டுட்டு வந்தியா?"

"ஒரு பொம்பளப் புள்ள. நான் கேள்வி கேட்டா பதில் சொல்லுது."

இப்படி ஒன்றைச் சொன்னால் எங்கள் பெண்கள் சும்மா இருக்கிறவர்கள் இல்லை. டீச்சரம்மாவுக்குப் பேய் புடிச்சிருச்சு, பூசாரிக்குச் சொல்லி அனுப்புங்க என்று ஒரு வாரத்துக்கு ஓட்டியிருக்க வேண்டும். யாரும் வாயைத் திறக்கவில்லை. என்ன என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து அவரவர் வாளியைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

அம்மா என் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "உனக்கு ஒண்ணும் கேக்கல. விளங்குதா?"

"கேட்டுச்சும்மா. எனக்கு மட்டுமில்ல, மலேசியாவுல இருக்குறவருக்கே கேட்டுச்சு."

"எங்க இருக்குறவருக்கு?"

பிளேயரைக் காட்டினேன். ஏற்றியது, அவர்கள் கேட்டது, வெட்டிப் போட்டது எல்லாம் சொன்னேன். அம்மா அப்படியே வேரில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் மெல்லிய குரலில் சொன்னார்.

எங்கள் லயம் பழைய காலத்தது. முன்பக்கம் ஆறு காம்பரா, பின்பக்கம் ஆறு காம்பரா, முதுகோடு முதுகு ஒட்டியது போல. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒன்றரை ஆள் உயரத்துக்கு மேலே வெறும் இருட்டுத்தான். அந்த இருட்டு பன்னிரண்டு வீட்டுக்கும் பொது. எங்கள் காம்பராவுக்கு நேர் பின்னால் இருக்கும் அக்காவின் மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆறாம் வகுப்போடு நிறுத்தி, ஓர் ஆள் மூலமாகக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். நான் வெளியூரில் தங்கிப் படித்த காலத்தில்தான் அந்தக் குடும்பம் இங்கே குடிவந்தது, நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே பிள்ளையை அனுப்பியாகிவிட்டது. சித்திரைக்குக் கிட்ட அந்தப் பிள்ளை தனியாக பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, முதுகில் இருந்த தழும்புகளைக் காட்டியிருக்கிறாள். கூட்டிப்போன ஆள் தேடி வந்தான். அந்த வீட்டில் செயின் காணாமல் போயிருக்கிறது, பிள்ளையைத் தராவிட்டால் பொலிஸ் வரும் என்றான். இங்கே வரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது பிள்ளையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

"லயம் முழுக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டும் ஏம்மா சொல்லல?"

"யாரு யாருக்குச் சொன்னாங்க? ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்லல. நீயும் இங்கதானே படுத்துக் கெடக்குற. உனக்கு மட்டும் காது இல்லையா?"

அம்மா கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது என்னை அவ்வளவு தாக்கியது.

வீட்டுக்கு வந்து முதல் பதிவை மறுபடி போட்டேன். எத்தனை தடவை கேட்டும் ஒன்றுமில்லாத இடத்தில், கால் மணி நேரத்துக்கு முன்புவரை வெறும் காற்றாக இருந்த இடத்தில், "முக்கால்" என்று அவள் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் தடவையும் அது என் காதில் விழுந்துதான் இருக்கிறது. நான் கேட்கவில்லை. ஏனென்றால் லயத்தில் வளர்ந்த எங்களுக்குப் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே பழகிப்போவது அது. சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழுந்தாலும், அழுதாலும், புருஷன் பெண்சாதி சிரித்தாலும், நமக்குக் கேட்கக் கூடாது. காலையில் பைப்படியில் முகத்தைப் பார்த்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்க வேண்டுமே. அதுதான் எங்கள் மரியாதை. அப்படி இல்லாவிட்டால் ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு குடும்பம் எப்படிப் பிழைக்கும்? சித்திரைக்குப் பிறகு பகலில் அங்கே யாரோ இருமியது, தட்டு நகர்ந்தது, எல்லாம் எனக்கு இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கடல் தாண்டி உட்கார்ந்திருந்தவர் முதல் தடவையே கேட்டதை, ஒரு செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நான் கேட்கவில்லை.

அன்றைக்கே டவுனுக்கு ஓடி, பதிவுகளை எடுத்துவிடச் சொல்லி மட்டக்களப்பு டீச்சருக்கு எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். அவர் எல்லாவற்றையும் நீக்கினார். இறக்கி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக "அழித்துவிட்டேன்" என்று எழுதினார்கள். என்ன ஏது என்று ஒருவரும் துருவவில்லை. பிறகு டீச்சர் எனக்குத் தனியாக எழுதினார். பதினான்கு வயது ஆகாத பிள்ளையை வீட்டு வேலைக்கு வைத்ததே குற்றம், பயப்பட வேண்டியவர்கள் நீங்கள் இல்லை, பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தரைப் பாருங்கள்.

பின்பக்கத்து அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். அவர் விறகை முறித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க படிச்சவங்க, சட்டம் சொல்றீங்க. செயின் போச்சுன்னு சொல்றவங்க வீட்டு வாசல்ல கார் நிக்குது. எங்க வாசல்ல என்ன நிக்குது? நாளைக்கு அவளைப் புடிச்சிட்டுப் போனா நீங்க பாடம்தான் நடத்துவீங்க. இந்தப் பூட்டாவது எங்க கையில இருக்கு டீச்சர்."

என்னிடம் இருந்தது பாடம் மட்டும்தான். அதனால் அதை நடத்தினேன். காலையில் எல்லாரும் போன பிறகு கட்டில் மேல் உட்கார்ந்து, சுவருக்கு மேலே இருந்த இருட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பேன். இருட்டிலிருந்து பதில் வரும். பிளேயரையும் ஓடவிடுவேன். ஏற்றுவதற்கு இல்லை. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று திரும்பக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று குழுவில் பழக்கியிருந்தார்கள். யாரென்று தெரிந்த பிறகும் எனக்கு அது பழகவில்லை. முகம் இல்லாத குரல். பூட்டிய காம்பராவின் பக்கம் போய் நின்றாலும் அவள் பேச மாட்டாள். சுவருக்கு மேலே மட்டும்தான் அவள் இருந்தாள்.

விடுமுறை முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு காலையில் கணக்கைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். பதில் வரவில்லை. மறுபடி கேட்டேன். வரவில்லை. பின்பக்கம் காய்ந்த இலை நொறுங்கும் சத்தம். நின்றது. மறுபடி நொறுங்கியது.

"புள்ள..." ஓர் ஆம்பிளைக் குரல். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு இனிப்பாக. "உள்ளதானே இருக்க? மாமாதான் வந்திருக்கேன்."

பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டது போல ஒரு கிளிக்.

"அம்மாதான் கூட்டிட்டுப் போகச் சொல்லிச்சு. சாவி எங்க வச்சிருக்காங்க, சொல்லு பாப்போம். பேசாம இருந்தா நீ இல்லன்னு நெனச்சுக்குவேனா?"

கதவுப் பலகையை நகத்தால் சுரண்டினான். மேலிருந்து கீழே. மறுபடி மேலிருந்து கீழே. சுவருக்கு மேலே அந்த இருட்டில் ஒரு பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. மூச்சை அடக்குவதற்குக்கூட ஒரு சத்தம் இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், என் உடம்பு தனக்குப் பழகிய வேலையைத்தான் முதலில் செய்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. எழுந்துபோய் ரேடியோவைப் போடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. லயத்தில் நான் ஒருத்திதான். அவனோ ஓர் ஆம்பிளை.

அவன் ஒரு கல்லை எடுத்துப் பூட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினான்.

கட்டில் மேல் ஏறி நின்றேன். முகத்தைச் சுவரின் மேல் விளிம்பை நோக்கித் தூக்கி, நாற்பது பிள்ளைகள் சத்தம் போடும்போது வகுப்பில் என்ன குரலில் கத்துவேனோ அந்தக் குரலில் கத்தினேன்.

"எனக்குக் கேக்குது!"

கல் நின்றது.

"நீங்க பேசுறது எல்லாம் எனக்குக் கேக்குது. ஒவ்வொரு சொல்லும் இங்க பதிவாகுது. மலேசியாவுல இருக்குறவங்களுக்கும் கேக்க வைப்பேன், பிரதேச செயலகத்துல இருக்குறவங்களுக்கும் கேக்க வைப்பேன்!"

தகரத்துக்கு அடியில் என் குரல் பன்னிரண்டு காம்பராவுக்கும் போய்த் திரும்பி வந்தது. பிறகு ஒரு காய் வெடித்தது. அவன் அங்கே நின்றபடி, "யாரு... யாரு பேசுறது?" என்று கேட்டான். அவன் குரலில் இப்போது இனிப்பு இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே பூட்டு தொங்கும் காம்பராவுக்குள்ளிருந்து, கூரை உயரத்திலிருந்து, ஒரு பெண் கத்தினால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

நான் பதில் சொல்வதற்குள் வேறொரு குரல் சொன்னது. முதல் தடவையாக முணுமுணுப்பாக இல்லாமல், முழுக் குரலில்.

"எங்க டீச்சர்."

இலைகள் வேகமாக நொறுங்கி, பள்ளத்துப் பக்கம் போய், இல்லாமல் போயின.

பால் நிறுத்து முடித்து வந்த அக்காவை எங்கள் வாசலிலேயே நிறுத்தினேன். இயர்போனில் ஒன்றை அவர் காதிலும் மற்றதை என் காதிலும் வைத்து, பதிவைப் போட்டேன். நகம் சுரண்டும் சத்தம் வரும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். முடியும் வரைக்கும் கழற்றவில்லை. பிறகு சேலை முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார். நானும் போனேன்.

கதவு திறந்தது. தலைமயிரை ஒட்ட வெட்டிவிட்ட ஒரு சின்னப் பெண் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க இவ்வளவு சின்னவங்களா டீச்சர்?"

அக்காதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

மறுநாள் பஸ் ஏறினோம். அக்கா, பிள்ளை, நான், எங்கள் அம்மா. அம்மாவை நான் கூப்பிடவில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் நல்ல சேலை கட்டிக்கொண்டு தானாகவே பாதையில் வந்து நின்றார். உத்தியோகத்தர் பதிவைக் கேட்டார். பிள்ளையிடம் தனியாகப் பேசினார். பொலிஸுக்கும் சொல்லி விசாரித்தார். செயின் காணோம் என்று எந்த முறைப்பாடும் எங்கேயும் இருக்கவில்லை. அந்தப் பயத்தை, பிள்ளையைக் கூட்டிப்போன அந்த ஆளே செய்து எங்கள் லயத்துக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தான். "இத்தனை மாதம் யாருக்கும் தெரியாதா?" என்று உத்தியோகத்தர் கேட்டபோது நான் தலை குனிந்தேன். அம்மா குனியவில்லை. "கேட்டுச்சு மிஸ். எங்க எல்லாத்துக்கும் கேட்டுச்சு," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

அந்தப் பிள்ளை இப்போது என் வகுப்பில் இருக்கிறாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார முதலில் வெட்கப்பட்டாள். இப்போது அவர்களை அதிகாரம் செய்கிறாள். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். பெயரைப் போடக் கூடாது, கணக்கில் தப்பு விட்டதையும் எழுதக் கூடாது என்றாள். இரண்டாவதை மட்டும் நான் மீறிவிட்டேன்.

நான் படித்ததில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சம்பளமும் ஒரு கௌரவமும் வந்தது. அதைவிடப் பெரிதாக அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. காதில் விழுந்ததை விழுந்தது என்று வாய்விட்டுச் சொல்ல எங்கள் கூரைக்குக் கீழே ஒரு ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆளாக இருப்பதற்குத்தான் நான் படித்திருக்கிறேன் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு லயம் இருக்கிறது. பதிவு செய்த பாடங்களைக் கொண்டுபோய் சனிக்கிழமைகளில் அங்கே பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதில் கடைசிக் காம்பரா எப்போதும் சாத்தியே கிடக்கும். யாரும் இல்லை டீச்சர், அது சும்மா கெடக்கு என்கிறார்கள். பிளேயரை நிறுத்திய பிறகும் அங்கே யாரோ மெல்லிய குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. போன சனிக்கிழமை பாடம் முடிந்ததும் நேராக நடந்து போய் அந்தக் கதவைத் தட்டிவிட்டேன். உள்ளே வாய்ப்பாடு நின்றது. யாரோ பாயை விட்டு எழுந்து வரும் சத்தம் எனக்குக் கேட்டது.